ஜெயிச்ச குதிரை எதுன்னு தெரியும், இருந்தும் என் டிப் தோத்துச்சு! | கிராண்ட் நேஷனல் 1973

[இருட்டுத் திரை. குளம்பு சத்தம் மட்டும்.]

கடைசி வேலியையும் தாண்டியாச்சு. பின்னாடி வர்ற குதிரைக்கும் இதுக்கும் நடுவுல பதினஞ்சு குதிரை நீளம் இடைவெளி. எதிர்ல 450 மீட்டர் புல்தரை, அவ்வளவுதான். இனிமே தாண்ட எதுவுமே இல்ல. இந்தக் குதிரைதான் ஜெயிக்கும்னு யாரா இருந்தாலும் சத்தியம் பண்ணுவாங்க.

தோத்துடுச்சு.

[தலைப்பு இசை]

வணக்கம் மக்களே! ரேஸ் டிப்ஸ், அதாவது எந்தக் குதிரை ஜெயிக்கும்னு முன்கூட்டியே சொல்றது, அதைக் கொடுக்கறவங்க எல்லாரும் நாளைக்கு நடக்கற ரேஸுக்குத்தான் டிப் கொடுப்பாங்க. டிப் பலிச்சா "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு பத்து வீடியோ வரும். பலிக்கலன்னா அந்த ஒரு வீடியோ ராத்திரியோட ராத்திரியா காணாமப் போயிடும். எனக்கு அந்த வம்பே வேணாம். நான் இன்னைக்கு டிப் கொடுக்கப்போறது 1973 மார்ச் 31, சனிக்கிழமை நடந்த ரேஸுக்கு. இங்கிலாந்து, லிவர்பூல் பக்கத்துல எய்ன்ட்ரீ மைதானம், கிராண்ட் நேஷனல்.

ரூல் ஒன்னே ஒன்னுதான். அன்னைக்குக் காலைல பேப்பர் படிச்ச ஆளுக்கு என்ன தெரியுமோ, நமக்கும் அவ்வளவுதான் தெரியும். முடிவு தெரியாத மாதிரி நடிக்கணும். நீங்க இப்பவே கூகுள்ல தேடாதீங்க, ப்ளீஸ்.

அன்னைக்கு வேற ரேஸும் உண்டு. அதுக்கெல்லாம் யாரும் லிவர்பூலுக்கு வண்டி கட்டிட்டுப் போகல. நேரா பெரிய ரேஸுக்கே போயிடுவோம்.

[திரையில்: மைதானத்தின் வரைபடம்]

வரலாறு, வேகமா. 1839-லேர்ந்து நடக்குது. ஏழு கிலோமீட்டருக்கு மேல ஓட்டம், ரெண்டு சுத்து, மொத்தம் 30 வேலி. நம்ம கிண்டில பாத்தது சமதளத்துல ஓடற ரேஸ். இது தாண்டற ரேஸ். ஆறாவது வேலிக்கு 'பீச்சர்ஸ் புரூக்'னு பேரு. முதல் வருஷமே கேப்டன் பீச்சர்னு ஒருத்தர் அந்த ஓடைக்குள்ள குப்புற விழுந்தாரு, அதான் அந்தப் பேரு. ஜெயிச்சவர் பேரை யாரும் வேலிக்கு வைக்கல பாருங்க. வரலாறு முடிஞ்சது.

இப்ப டிப்புக்கு வருவோம். 38 குதிரை ஓடுது. இதுல முக்கால்வாசியை உடனே ஒதுக்கிடலாம்: இவ்வளவு தூரம் ஓடற தம் இல்ல, ஃபார்ம் இல்ல, வேலிக்கு வேலி தடுக்கற பழக்கம். மிச்சம் இருக்கறதுல நாலு பேரை மட்டும் மேடைக்குக் கூப்பிடறேன்.

முதல்ல லெஸ்கார்கோ. பிரெஞ்சுல அதுக்கு அர்த்தம் நத்தை. ஒரு ரேஸ் குதிரைக்கு நத்தைன்னு பேர் வச்ச அந்த மனசு இருக்கே! அந்த நத்தை 1970, 1971 ரெண்டு வருஷமும் செல்டனம் கோல்ட் கப்பை, அதாவது இங்கிலாந்தோட இன்னொரு பெரிய தாண்டற ரேஸை, ஜெயிச்சிருக்கு.

ஸ்பானிஷ் ஸ்டெப்ஸ். நல்ல குதிரை. அடுத்து.

கிரிஸ்ப். ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்த ராட்சசன். 1971-ல செல்டனம்ல ரெண்டு மைல் சாம்பியன் சேஸை 25 லென்த் வித்தியாசத்துல ஜெயிச்சது. ஒரு லென்த்னா மூக்குலேர்ந்து வால் வரைக்கும் ஒரு குதிரை நீளம். 25 லென்த்னா, பின்னாடி வந்தவங்க வேற ரேஸ்ல ஓடினாங்கன்னு அர்த்தம். ஒரே சந்தேகம் தம்தான். ரெண்டு மைல் ராஜா நாலரை மைல் தாங்குவானா? போன வருஷம் கோல்ட் கப்ல அஞ்சாவதாத்தான் வந்தான்.

நாலாவது, ரெட் ரம். இவனோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. பொறந்ததே குட்டித் தூரம் ஓடறதுக்கு. முதல் ரேஸ் 1967-ல, ரெண்டு வயசுல, வெறும் ஒரு கிலோமீட்டர். அதுல இன்னொரு குதிரையோட சேர்ந்து முதலிடம். எந்த மைதானம்? இதே எய்ன்ட்ரீ! அப்புறம் கைமாறிக் கைமாறி, கால் எலும்புல நோயோட 1972-ல ஜிஞ்சர் மெக்கெய்ன்கிட்ட வந்து சேர்ந்தான். மெக்கெய்ன் பழைய கார் விக்கறவர், டாக்ஸியும் ஓட்டினவர். சவுத்போர்ட்ல அவரோட கார் ஷோரூமுக்குப் பின்னாடிதான் குதிரை லாயம். நொண்டின குதிரையைக் கடற்கரைக்கு ஓட்டிட்டுப் போய் கடல் தண்ணில நடக்கவிட்டாரு. நொண்டல் போச்சு. வந்த புதுசுல அஞ்சு ரேஸ், அஞ்சும் ஜெயிப்பு. ஜாக்கி பிரையன் ஃப்ளெட்சர், 1968-லயே இந்தக் கிராண்ட் நேஷனலை ஜெயிச்ச கை.

கிரிஸ்ப்பும் ரெட் ரம்மும் ரெண்டு பேருமே ஒன்னுக்கு ஒன்பது, அதாவது ஒரு ரூபா கட்டி ஜெயிச்சா ஒன்பது ரூபா லாபம். கூட்டு ஃபேவரிட்.

வீடியோவை ஒரு செகண்ட் நிறுத்திட்டு உங்க டிப்பைக் கமென்ட்ல போடுங்க. எடிட் பண்ணக் கூடாது, நான் பாத்துட்டே இருப்பேன்.

[திரையில்: தராசு]

போட்டாச்சா? இப்பதான் விஷயமே. இது ஹேண்டிகேப் ரேஸ். அதாவது, எந்தக் குதிரை நல்லா ஓடுமோ அது முதுகுல அதிக எடை ஏத்திடுவாங்க. சேணத்துக்கு அடில ஈயத் தகடு சொருகி எடையைச் சரிகட்டுவாங்க. ரேஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஜாக்கி சேணத்தோட தராசுல ஏறி நிக்கணும். எடை முடிவு பண்றவருக்கு ஹேண்டிகேப்பர்னு பேரு. அவரோட கனவு என்னன்னா, எல்லாக் குதிரையும் ஒரே நேரத்துல கோட்டைத் தொடணும். யோசிச்சுப் பாருங்க, ரேஸே நடக்கக் கூடாதுன்னு சம்பளம் வாங்கற ஒரே ஆள் அவர்தான்.

கிளாஸ்ல ஃபர்ஸ்ட் ரேங்க் பையனை மட்டும் முதுகுல புத்தக மூட்டையோட பரீட்சை எழுதச் சொல்ற மாதிரி. அநியாயம்தான். ஆனா அது இல்லன்னா பரீட்சையைப் பாக்க யார் வருவா?

கிரிஸ்ப்புக்கு 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ. நத்தைக்கும் அதே 76. ரெட் ரம்முக்கு எவ்வளவு தெரியுமா? 10 ஸ்டோன் 5 பவுண்டு, கிட்டத்தட்ட 66 கிலோ.

வித்தியாசம் 23 பவுண்டு. கிலோவுல பத்தரை.

பத்தரை கிலோன்னா என்ன? கடைல பத்து கிலோ அரிசிப் பை வாங்குவீங்கள்ல, அதைத் தோள்ல போட்டுக்கோங்க. மேல அரைக் கிலோ வெல்லம் வைங்க. இப்ப மூணாவது மாடி ஏறுங்க. லிஃப்ட் ரிப்பேர். பக்கத்து வீட்டுக்காரர் வெறுங்கையோட உங்க கூடவே ஏறறாரு. முதல் மாடில நீங்கதான் முன்னாடி, உங்க உடம்பு அப்படி. ரெண்டாவது மாடிலயும் நீங்கதான். மூணாவது மாடிக்குக் கடைசிப் பத்து படி இருக்குல்ல? அங்கதான் அந்த அரிசி பேச ஆரம்பிக்கும். நானே இதைச் செஞ்சு பாத்தேன், வீடியோ எடுக்கணும்னுதான் ஏறினேன். ரெண்டாவது மாடி லேண்டிங்ல உக்காந்துட்டேன். ஃபுட்டேஜ் கிடையாது, கேக்காதீங்க.

ரேஸ் ஆட்கள்கிட்ட ஒரு வாய்ப்பாடு உண்டு. மூணு மைல் ரேஸ்ல ஒரு பவுண்டு எடை கூடினா, குதிரை சுமார் ஒரு லென்த் பின்தங்கும். இந்தக் கணக்கை அப்படியே வச்சுக்கிட்டாலும், ஹேண்டிகேப்பர் என்ன சொல்றாரு? "கிரிஸ்ப், நீ ரெட் ரம்மை விட 23 லென்த் நல்ல குதிரை. அதனால அந்த 23-ஐயும் நானே எடுத்துக்கறேன்." இப்ப கேள்வி எது நல்ல குதிரைங்கறது இல்ல. அதை ஹேண்டிகேப்பரே எழுதிக் கொடுத்துட்டாரு. அவர் கணக்கு எங்க தப்புங்கறதுதான் கேள்வி. போன வருஷம் வரைக்கும் நொண்டிட்டு இருந்த குதிரையோட உண்மையான பலம் அந்தக் கணக்குல இருக்குமா?

தரை அன்னைக்குக் காய்ஞ்சு கெட்டியா இருக்கு. வேகமான ரேஸா இருக்கும்.

"அண்ணே, இவ்வளவு கணக்கு எதுக்கு? எல்லாமே லக்குதானே?"ன்னு ஒருத்தர் கமென்ட் போடுவீங்க. உங்க பக்கமும் சாட்சி இருக்கு. 1967 கிராண்ட் நேஷனல்ல, ரெட் ரம் முதல் ரேஸ் ஓடினதுக்கு மறுநாள், 23-ஆவது வேலிகிட்ட ஆள் இல்லாம ஓடிட்டு இருந்த ஒரு குதிரை குறுக்கே புகுந்துச்சு. மொத்தக் கூட்டமும் ஒன்னு மேல ஒன்னு மோதி நின்னுடுச்சு. ரொம்பப் பின்னாடி மெதுவா வந்த ஃபொய்னவன், ஒன்னுக்கு நூறு, அந்த இடைவெளில நுழைஞ்சு தாண்டிப் போய் ஜெயிச்சுடுச்சு. அதோட பயிற்சியாளரே அன்னைக்கு வேற ஊர் ரேஸுக்குப் போயிட்டாரு! அந்த வேலிக்கு இப்ப ஃபொய்னவன்னுதான் பேரு.

ஆனா நம்ம உச்சநீதிமன்றம் உங்க கட்சி இல்ல. தமிழ்நாடு அரசு 1974-ல குதிரை ரேஸை ஒழிக்கச் சட்டம் போட்டது. அந்த வழக்குல 1996-ல வந்த தீர்ப்பு என்னன்னா, குதிரை ரேஸ் திறமையைச் சார்ந்த ஆட்டம், வெறும் அதிர்ஷ்டம் இல்ல. வம்சம், பயிற்சி, ஜாக்கி, ஃபார்ம் எல்லாம் கணக்கு போட்டுச் சொல்லலாம்ங்கறது கோர்ட்டோட பார்வை. அதுக்காகக் காசு கட்டச் சொல்லல. நான் கட்டறதில்ல. என் டிப் எப்படிப் போகும்னு இன்னும் அஞ்சு நிமிஷத்துல பாப்பீங்க, காரணம் புரியும்.

என் டிப்: கிரிஸ்ப். மூட்டை, கணக்கு எல்லாம் பேசினேன், சரி. ஆனா மனசு ராட்சசன் பக்கம் போயிடுச்சு. 25 லென்த்ல ஜெயிச்சவன்யா அவன்!

[திரையில்: கறுப்பு வெள்ளை மைதானம்]

ரேஸ். முதல் சுத்துலயே கிரிஸ்ப் முன்னாடி போயிட்டான். கூடவே ஓடின கிரே சாம்பிரேரோ, 'தி சேர்'ங்கற பெரிய வேலில விழுந்தது, பிழைக்கல. இந்த ரேஸோட அசிங்கமான பக்கம் இது. இதைச் சொல்லாம கதை சொல்றவங்களை நம்பாதீங்க. பின்னாடி 2013-ல வேலிக்குள்ள இருந்த மரக்கட்டையை எடுத்துட்டு பிளாஸ்டிக் வச்சாங்க, 2024-லேர்ந்து 34 குதிரைக்கு மேல விடறதில்ல.

ரெண்டாவது சுத்து. கிரிஸ்ப் தனியா ஓடறான். பின்னாடி இருபது லென்த்துக்கு யாருமே இல்ல. 76 கிலோவைச் சுமந்துட்டு ஒவ்வொரு வேலியையும் சும்மா வாசப்படி தாண்டற மாதிரி தாண்டறான். அவ்வளவு தூரத்துல ஒரே ஒருத்தன் மட்டும் துரத்தறான், ரெட் ரம்.

கடைசி வேலி தாண்டியாச்சு. பதினஞ்சு லென்த்.

இங்கதான் அரிசி பேச ஆரம்பிச்சுது. ஜாக்கி ரிச்சர்ட் பிட்மன் சவுக்கை ஓங்கினாரு. களைச்சுப் போன குதிரை நேரா ஓடாம ஒரு பக்கமா சாஞ்சுது. அது தன்னோட தப்புன்னு பிட்மன் பின்னாடி பல தடவை வெளிப்படையாவே சொல்லிட்டாரு. கால் பின்ன ஆரம்பிச்சுடுச்சு. பதினஞ்சு, பத்து, அஞ்சு… கோட்டுக்கு ரெண்டே எட்டு இருக்கும்போது ரெட் ரம் தாண்டிட்டான். முக்கால் லென்த்.

நேரம் 9 நிமிஷம் 1.9 செகண்ட். பழைய ரெக்கார்டை விட சுமார் 18 செகண்ட் குறைவு. கணக்குப் போட்டா மணிக்கு 48 கிலோமீட்டர் சராசரி, நடுவுல முப்பது வேலி. மூணாவது வந்த நம்ம நத்தை 25 லென்த் பின்னாடி. தோத்த கிரிஸ்ப் கூட அன்னைக்குப் பழைய ரெக்கார்டை உடைச்சுட்டுத்தான் தோத்தான்.

"அரிசி மூட்டை இல்லன்னா?" அதுக்கும் பதில் இருக்கு. அதே வருஷம் நவம்பர்ல டான்காஸ்டர்ல ரெண்டு பேரும் சம எடையோட ஓடினாங்க. கிரிஸ்ப் எட்டு லென்த்ல ஜெயிச்சான். ஹேண்டிகேப்பர் சொன்ன வரிசை சரி, அளவுதான் கொஞ்சம் தாராளம்.

அப்ப பாடம் படிச்சாச்சுல்ல? இனிமே மூட்டை பாத்துத்தான் டிப். தெம்பா 1974 கிராண்ட் நேஷனலுக்குப் போறேன். குதிரைங்க பேரும் எடையும் போட்ட ரேஸ் கார்டை எடுக்கறேன். ரெட் ரம்: 12 ஸ்டோன். கிரிஸ்ப்போட அதே 76 கிலோ! மூட்டை இப்ப இவன் முதுகுல. அந்த மூட்டையோட ராட்சசனாலேயே முடியல. தொடவே கூடாது. என் டிப் நத்தை, கண்ணை மூடிட்டு நத்தை.

ரெட் ரம், ஏழு லென்த்ல. நத்தை ரெண்டாவது.

1977-ல மூணாவது தடவையும் ஜெயிச்சான், பன்னெண்டு வயசுல. அதுக்கு நான் டிப்பே கொடுக்கல. 1995-ல செத்ததும் எய்ன்ட்ரீயோட முடிவுக் கோட்டுப் பக்கத்துலயே புதைச்சாங்க. உங்க டிப் ரெட் ரம்மா இருந்தா கமென்ட்ல ஸ்க்ரீன்ஷாட் போடுங்க. எடிட் பண்ணினவங்க லைக் மட்டும் போட்டுட்டுப் போயிடுங்க.