சீருடைக்குப் பிறகு காற்றாலை

நேயர்களுக்கு வணக்கம்.

பதினைந்து, பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு கொருக்குப்பேட்டைக்கோ பெரம்பூருக்கோ திரும்புகிற சிப்பாய்க்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. பென்ஷன் உண்டு, உடம்பில் தெம்பும் உண்டு. கிடைப்பது பெரும்பாலும் ஏடிஎம் வாசலில் ஒரு நாற்காலி. அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டேங்கின் ஹைட்ராலிக்கைக் கழற்றி மாட்டிய கை அங்கே சும்மா கிடக்கிறது. அந்தக் கைக்கு ஆரல்வாய்மொழியில், கயத்தாற்றில், உடுமலையில் காற்றாலைகளில் வேலை இருக்கிறது.

காற்றாலை என்றதும் எல்லோரும் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். நூறு மீட்டர் கோபுரம்தான், உண்மை. உயரம் சீக்கிரம் பழகிவிடும். போல்ட்தான் பழக நாளாகும். இந்த போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மாதவரத்தில் லாரிக்கு டயர் மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நட்டை முடுக்கினால், அடுத்து முடுக்குவது அதற்கு நேர் எதிரே உள்ளதை. கோபுரத்துண்டுகள் சேரும் இடத்தில் வட்டமாக நிற்கும் போல்ட்டுகளுக்கும் அதே கணக்குதான். ஒரே மூச்சில் முழு டார்க், அதாவது முழு முறுக்கு விசை, ஏற்றக் கூடாது. இரண்டு மூன்று சுற்றாக ஏற்ற வேண்டும்.

இதில் ஒரு சூது இருக்கிறது. டார்க் ரெஞ்ச் என்பது குறித்த முறுக்கு வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் ஸ்பேனர். அதில் நாம் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதி, போல்ட் தலைக்கடியில் உராய்வாகப் போகிறது. 40 சதவீதம் மரையில் போகிறது. போல்ட்டை இழுத்துப் பிடிக்க மிஞ்சுவது பத்தே சதவீதம். மரையில் கொஞ்சம் துருவோ மணலோ இருந்தால் அந்தப் பத்திலும் பாதி போய்விடும். ரெஞ்ச் என்னவோ வழக்கம்போல 'க்ளிக்' என்றுதான் சொல்லும்! அதனால்தான் மாலிப்டினம் பசையைச் சொன்ன இடத்தில், சொன்ன அளவில் தடவச் சொல்கிறார்கள். தடவக் கூடாத இடத்திலும் தடவினால் உராய்வு குறைந்து, போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். முழு டார்க் ஏற்றிக் கழற்றிய போல்ட்டை மறுபடி மாட்டக் கூடாது. முடித்ததும் நட்டையும் இரும்பையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு. கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. புதுக் காற்றாலை சில நூறு மணி நேரம் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும்; பூச்சும் பரப்பும் அமுங்கி, பிடி தளர்ந்திருக்கும்.

விமானப் படை டெக்னீஷியன் ஸ்பேனரை எண்ணி எடுத்துப் போய், எண்ணித் திரும்ப வைப்பார். ரெஞ்ச்சின் சோதனைத் தேதியைப் பார்க்காமல் தொட மாட்டார். மின்சாரத்தை நிறுத்தித் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ள அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சுழலும் ரோட்டரைப் பூட்டாமல், இறக்கைகள் சேரும் நடுக்குடமான ஹப்புக்குள் தலையை நீட்டவும் மாட்டார். கம்பெனிக்கு வேண்டிய ஆள் இவர்தான்.

மறக்க வேண்டிய பழக்கமும் ஒன்று உண்டு. படையில் உத்தரவு என்றால் உத்தரவு. இங்கே காற்று வரம்பு தாண்டிவிட்டால், நேற்றுச் சேர்ந்த ஹெல்ப்பர்கூட "நிறுத்துங்கண்ணே, இறங்கலாம்" என்று சொல்ல வேண்டும்; அண்ணனும் இறங்க வேண்டும்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். முதலில் ஜி.டபிள்யூ.ஓ. என்கிற உலகக் காற்றாலை அமைப்பின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி: முதலுதவி, தீ, பளுவை முறையாகத் தூக்குவது, உயரத்தில் வேலை. சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும். காலாவதியானால் முழுப் பயிற்சியும் மறுபடி. ஆகவே வேலை கைக்கு எட்டும் நேரத்தில் பணம் கட்டுங்கள். பயோடேட்டாவில் 'ஈ.எம்.ஈ. மெக்கானிக்' என்று மட்டும் எழுதினால், அது ராணுவத்தின் எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் பொறியியல் பிரிவு என்று வெளியே யாருக்கும் புரியாது. எந்த கியர்பாக்ஸ், எந்த ஹைட்ராலிக் பம்ப், எத்தனை வோல்ட் வரை என்று எழுதுங்கள். மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம். ஆடிக் காற்றில் காற்றாலையை நிறுத்த எந்த முதலாளிக்கும் மனம் வராது, பெரிய பராமரிப்பெல்லாம் மற்ற மாதங்களில்தான். வேலை தேடுவதையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். படையில் இருக்கும்போதே டி.ஜி.ஆர்., அதாவது பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம், தரும் பயிற்சிக்கு மனுப்போடலாம். கடற்படையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்று: தமிழகக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைக்கு 2024-இல் மத்திய அமைச்சரவை நிதி ஒதுக்கியிருக்கிறது. அதற்குக் கடலில் உயிர்தப்பும் பயிற்சி தனியாக வேண்டும். நன்றி, வணக்கம்.