சோயாவுக்குப் பதிலா பட்டுப்புழு பூச்சி

வணக்கம்ங்க. தர்மபுரி பக்கம் சொந்தமா கறிக்கோழி வளர்க்கிறேன், கம்பெனி குஞ்சு இல்ல, தீவனமும் நானே அரைச்சுக்கிறேன். 2021ல சோயா புண்ணாக்கு கிலோ 40 ரூவாய்ல இருந்து 90ஐ தாண்டுச்சே, வெளிநாட்டு சோயா புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்கிக்க மத்திய அரசே அனுமதி குடுத்துச்சு. அப்பதான் நம்ம ஊர்லயே என்ன புரதம் கிடக்குதுன்னு தேட ஆரம்பிச்சேன்.

எங்க பக்கம் பட்டுக்கூடு நூல் எடுக்கிற எடத்துல உள்ள இருக்கிற பூச்சி மூட்டை மூட்டையா மிஞ்சும். காய்ஞ்ச பூச்சில பாதிக்கு மேல புரதம், கோழி வளர்ச்சிக்குத் தேவையான லைசின், மெத்தியோனின்ங்கிற அமினோ அமிலம் ரெண்டுமே நல்லா இருக்கு. ஆனா கால்வாசிக்கு மேல எண்ணெய்ங்க, அதுதான் வில்லங்கமே. முதல் தடவை எண்ணெய் எடுக்காத பூச்சிய அப்படியே வாங்கி அரைச்சுப் போட்டேன், கோழி நல்லாதான் தின்னுச்சு, எடையும் வந்துச்சு, ஆனா கறிய கொழம்பு வெச்சா ஒரு சிக்கு வாடை, வாங்குனவங்க திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டாங்க, அந்த பேட்ச்ல எனக்கு நல்ல அடி. இப்ப எண்ணெய் பிழிஞ்சு, மொறுமொறுன்னு காய்ஞ்சத மட்டும்தான் எடுக்கிறேன், உள்ளங்கையில வெச்சுக் கசக்குனா பிசுக்கு ஒட்டக்கூடாது. நூறு கிலோ தீவனத்துக்கு அஞ்சு கிலோவோட நிறுத்திக்கிறேன்.

லேப் ரிப்போர்ட்டுல புரதம் இத்தனை பர்சென்ட்னு பார்த்து ஏமாறாதீங்க. அந்த டெஸ்ட் நைட்ரஜனத்தான் அளக்குது, பூச்சி ஓட்டுல இருக்கிற கைட்டின் கூட புரதக் கணக்குல ஏறிடும், யூரியா கலந்த மீன் தூளும் அப்படித்தான் ஏறும், கோழிக்கு ஒண்ணும் ஒட்டாது.

எள்ளு புண்ணாக்குல மெத்தியோனின் ஜாஸ்தி, லைசின் கம்மி. சோயா நேர் எதிர், அதனால கொஞ்சமா சேர்த்தா ரெண்டும் பொருந்தும், அளவு மீறுனா எள்ளுல இருக்கிற பைட்டிக் அமிலம் கால்சியத்தையும் ஜிங்க்கையும் புடிச்சு வெச்சுக்கும், கோழி கால் நொடிக்க ஆரம்பிச்சிடும். கடலை புண்ணாக்கு மழைக்காலத்துல எனக்கு பயம்ங்க. 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழி செத்துச்சு, பிரேசில்ல இருந்து போன கடலை புண்ணாக்குல இருந்த பூஞ்சை விஷம்தான் காரணம், அப்லடாக்சின்னு ஒண்ணு இருக்கிறதே அப்பதான் தெரிய வந்துச்சு. கட்டி புடிச்சிருந்தா, லேசா முக்கல் வாடை அடிச்சாக்கூட, விலை கம்மின்னு வாங்கிடாதீங்க.

அசோலா, அதான் தண்ணியில மிதந்து வளர்ற சின்னப் பாசி மாதிரி செடி, அதைப் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. நாட்டுக்கோழிக்குத் தாராளமா போடுங்க. கறிக்கோழிக்கு வேணாம், நூறு கிலோ பச்சை அசோலா காய்ஞ்சா ஆறேழு கிலோதான் நிக்கும், தண்ணியிலயே வயிறு ரொம்பிட்டா 40 நாள்ல எடை எங்கங்க வரும்?

எதை மாத்துனாலும் முதல்ல ஒரு அம்பது குஞ்சத் தனியா மறைப்பு கட்டி விட்டுடுங்க, முதல் ரெண்டு வாரம் பழைய தீவனமே இருக்கட்டும், அதுக்கப்புறம் அந்த அம்பதுக்கு மட்டும் புதுத் தீவனம் போட்டு, வாரா வாரம் ரெண்டு பக்கமும் பத்துப் பத்து கோழி எடை போட்டு, தின்ன தீவனத்தையும் சேர்த்து நோட்டுல எழுதி வைங்க.