வெள்ளைப் பந்தில் கறுப்புப் பிறை

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குக் கோயிலும் இல்லை, கொத்துரொட்டியும் இல்லை. கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் தெரிவது சித்தப்பாவின் பில்லியட்ஸ் மேசை. கனடாவிலிருந்து வந்து நின்ற நேரம், கொழும்பில் பழையதாக ஒன்றை வாங்கி லொறியில் ஏற்றிவிட்டார். அவர் திரும்பிப் போய்விட்டார். மேசை எனக்கு, அதன் வில்லங்கங்களும் எனக்கு.

கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன், பாருங்கோ. இது வெள்ளைப் பந்து. இந்தப் பக்கத்தில் நகத்தால் கீறியதுபோல ஒரு கறுப்புப் பிறை தெரிகிறதா? கொஞ்சம் திருப்பினால் இங்கே ஒரு இழுவைக் கோடு. மஞ்சள் பந்து இதைவிட மோசம். எட்டாம் நம்பர் மட்டும் தப்பிவிட்டது, அதுவே கறுப்பு.

பந்து விழுகிற பழைய தோல் பைகள், அதுதான் பொக்கெட்டுகள், பிய்ந்து தொங்கியதால் போன மாதம் ஆறையும் மாற்றினேன். புதுத் தோல், நல்ல கறுப்பு, வாசமும் அருமை. ஒரு கிழமைக்குள் பந்தெல்லாம் இப்படி. விற்றவரிடம் கேட்டால் “பாவிக்கப் பாவிக்கச் சரிவரும்” என்றார். முதலில் நான் அடிக்கிற கோலின் நுனியில் பூசுகிற சோக்கைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் எங்கள் சோக் நீலம், ஈரத்துணி பட்டாலே போய்விடும். இது போகவில்லை. பிறகு ஒருநாள் விளையாட வந்த பெடியளின் கையைப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் கறுப்பு. இந்த மேசையில் பந்து பொக்கெட்டுக்குள்ளேயே தங்கும், கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் விளங்கியது, சாயம் விடுவது தோல்.

தோலுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றும்போது எல்லாச் சாயமும் உள்ளே பிடித்து நிற்காது. மிஞ்சியது மேலே தூளாகக் கிடக்கும். அதைக் கழுவி எடுத்து மேலே ஒரு பூச்சுக் கொடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. மலிவான சாமானில் அந்த வேலையைத்தான் விட்டுவிடுவார்கள். பந்து ஒன்று 160, 170 கிராம் இருக்கும். அது சுழன்றுகொண்டே வந்து தோலில் உரசி இறங்கும்போது சாயத்தையும் ஒற்றி எடுத்துக்கொள்கிறது. அந்தச் சுழற்சியின் அடையாளம்தான் இந்தப் பிறை.

இனி நான் விட்ட பிழை. தோல்தானே, சப்பாத்துக்குப் பூசுவதைப் பூசுவோம் என்று கறுப்புப் பொலிஷ் எடுத்து ஆறு பொக்கெட்டுக்கும் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கியது. அன்று பின்னேரமே வெள்ளைப் பந்து வெள்ளையாக இல்லை. யோசித்துப் பார்த்தால், பொலிஷ் என்பது மெழுகுக்குள் கரைத்த கறுப்புச் சாயம். விடுகிற சாயம் போதாதென்று நானே காசு கொடுத்து இன்னும் கொஞ்சம் பூசியிருக்கிறேன். தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னவர்களும் உண்டு. அதைச் செய்ய வேண்டாம். எண்ணெய் பந்தில் ஏறி, பந்திலிருந்து மேசைத் துணியில் இறங்கும். துணியில் எண்ணெய் பட்டால் எடுப்பது பெரும்பாடு.

சரி, வேலைக்கு வருவோம். மேசையில் வைத்துச் செய்யாதீர்கள், கழற்றி எடுங்கள். மரச்சட்டத்துக்குக் கீழே போல்ட்டுகள் இருக்கும். இது அப்பாவின் பழைய வேட்டித் துண்டு, வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சவர்க்காரம் போட்டு, துணியை இறுக்கிப் பிழிந்து துடைக்கிறேன். பார்த்தீர்களா, முதல் துடைப்பிலேயே துணி அடுப்புக்கரி மாதிரி. வேறு பக்கம் திருப்பி மறுபடியும். மூன்றாவதில் சாம்பல் நிறம். ஏழாவதில்தான் துணி துணியாக வந்தது. தோலை ஊறவிடக் கூடாது, வெயிலிலும் காயப்போடக் கூடாது, விறைத்து வெடித்துவிடும். நிழல் போதும்.

நான் பொலிஷ் பூசிய பாவத்துக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. மெழுகு இருந்தால் மேற்பூச்சு ஒட்டாது. அதனால் காய்ந்த பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் மெழுகையும் துடைத்து எடுத்தேன்.

அடுத்தது தோலுக்கென்றே விற்கிற நிறமில்லாத அக்ரிலிக் பூச்சு. ஸ்பொஞ்சில் தொட்டு மெல்லிசாக ஒன்று, ஒரு இரவு விட்டு இன்னொன்று. வெளிப்பக்கம் அழகுக்குத்தான். பந்து படுவது இங்கே, இரும்பு வளையத்தைச் சுற்றித் தைத்த தோலின் உட்புறமும், கீழே பின்னியிருக்கிற இந்தப் பட்டிகளும். பட்டிக்கு இடையில் விரலை விட்டுப் பூசுங்கள். மரத்துக்கு அடிக்கிற வார்னிஷ் வேண்டாம். பந்து விழும்போதெல்லாம் தோல் வளையும், வார்னிஷ் வளையாது, பொரிந்து கொட்டும்.

பந்தைக் கழுவுவது கடைசி வேலை. பொக்கெட் சாயம் விட்டுக்கொண்டிருக்கும்போது பந்தைக் கழுவி என்ன பிரயோசனம்? பீங்கான் கழுவுகிற திரவம் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், கார் துடைக்கிற மைக்ரோஃபைபர் துணி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் என்பது கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். பந்தைத் தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும், உடனே துவட்டிவிடுங்கள். சாம்பல், பற்பசை, பாத்திரம் விளக்குகிற தூள் எதுவும் வேண்டாம். நல்ல பந்து பினோலிக் ரெசின் என்கிற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்தது, கடினமானது, வழவழப்பானது. அந்த வழவழப்புத்தான் சாயத்தை ஒட்டவிடாமல் வைத்திருக்கிறது. அதைக் கீறிவிட்டால் ஒவ்வொரு கீறலும் சாயத்துக்கு ஒரு வாய்க்கால்.

மாரி மழை தொடங்கினால் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த துணியால் துடைத்து, விறாந்தையில் ஃபேனைப் போட்டு விடுகிறேன், அவ்வளவுதான்.

ஐந்து பொக்கெட் முடிந்தது. இந்த இடது நடுப் பொக்கெட்டை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். பூசியதில் வெள்ளைத் துணியை இருபது தரம் தேய்க்கிறேன், ஒன்றும் இல்லை. பூசாததில் இரண்டே தரம், இதோ கறுப்பு. பெடியள் இப்போது ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள், நடுப் பொக்கெட்டில் பந்தைப் போட்டவரே அதைத் துடைத்தும் தர வேண்டுமாம். அந்தப் பக்கம் இப்போது ஒருவரும் அடிப்பதில்லை.