கையெழுத்துக்கு முன்னால் போன கால்கள்

நடுவர் அவர்களே, பேனாவுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு எதிரே அமர்ந்திருக்கும் நண்பர்களே, கடைசி வரிசை வரை நிறைந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு விடுதலை தந்தது ஆட்சியாளரின் கையெழுத்தா, மக்களின் கால்களா?' இதுதான் தலைப்பு. நான் கால்களின் கட்சி. எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா, 1863 ஜனவரி 1-ஆம் தேதி குடியரசுத் தலைவர் லிங்கன் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட காட்சியை உருக்கமாகச் சொன்னார். புத்தாண்டு நாள். வந்தவர்களுக்கெல்லாம் மணிக்கணக்கில் கைகொடுத்துக் கை மரத்துப்போய், பேனாவைப் பிடித்தபோது விரல் நடுங்கிற்றாம். உண்மைதான். ஆனால் அடிமைமுறையைக் காக்கத் தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோனதால் மூண்ட உள்நாட்டுப் போர் தொடங்கியது 1861 ஏப்ரலில். அந்தக் கை அந்தக் காகிதத்துக்கு வந்து சேர ஏன் இருபது மாதம் ஆயிற்று?

பதவியேற்றபோது லிங்கன் என்ன சொன்னார்? அடிமைமுறை இருக்கும் மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணம் தமக்கு இல்லை என்றார். 1862 ஆகஸ்டில் பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல், மாநிலங்கள் சேர்ந்த ஒன்றியத்தை உடையாமல் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்றார். அந்த நேரத்தில் பிரகடனத்தின் வரைவு அவர் மேசைக்குள் தயாராக இருந்ததே என்று ஐயா கேட்பார். இருந்தது ஐயா, மறுக்கவில்லை. மேசைக்குள் அது எப்படி வந்தது என்று பார்ப்போமா?

1861 மே மாதம். வர்ஜீனியாவில் மன்றோ கோட்டை. மாநிலம் தெற்கோடு போய்விட்டது. கோட்டை மட்டும் வடக்கின் கையில். எதிர்க்கரையில் தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அடிமைகள். அவர்களில் மூன்று பேர், ஃபிராங்க் பேக்கர், ஜேம்ஸ் டவுன்செண்ட், ஷெப்பர்ட் மல்லரி. குடும்பத்தை விட்டுப் பிரித்து வட கரோலினாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஓர் இரவு படகேறிக் கோட்டைக்கு வந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. இடம் கிடைக்குமா, திருப்பி அனுப்பிச் சாட்டையடி வாங்க வைப்பார்களா என்பதும் தெரியாது. 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓடிவந்த அடிமையை உரிமையாளரிடம் ஒப்படைத்தாக வேண்டும். அதுவும் ஒரு குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்ட சட்டம்தான், நடுவர் அவர்களே!

மறுநாளே தெற்குப் படையிலிருந்து ஒரு மேஜர் வந்து, ஆட்களைக் கொடுங்கள் என்று கேட்கிறார். கோட்டைத் தளபதி பென்ஜமின் பட்லர் தொழிலால் வக்கீல். நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, வேற்று நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிச் செல்லும் என்று மடக்கினார். எதிரியின் போர்ப்பொருளைப் பறிமுதல் செய்ததுபோல இவர்களை வைத்துக்கொள்கிறேன் என்றார். மனிதனைப் பொருள் என்று சொல்லித்தான் அன்றைக்கு மனிதனைக் காப்பாற்ற முடிந்தது. சட்டத்தின் லட்சணம் அப்படி. செய்தி பரவியது. அடுத்த சில நாட்களில் குடும்பம் குடும்பமாக, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். இத்தனை பேரை என்ன செய்வது என்று வாஷிங்டன் கையைப் பிசைந்தது. அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் ஒரு பறிமுதல் சட்டம் போட்டது. அடுத்த மார்ச்சில், ஓடிவந்தவர்களைப் படையினர் திருப்பி அனுப்பக் கூடாது என்று இன்னொன்று. லிங்கனின் மேசைக்குள் வரைவு வந்தது இந்த வழியாகத்தான்.

சரி, கையெழுத்தும் ஆயிற்று. மறுநாளே விலங்கு உடைந்ததா? அடிமைமுறை இருந்தும் ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி, மேரிலாந்து, டெலவேர், மிசூரியில் அந்தப் பிரகடனம் செல்லவே செல்லாது. அது செல்லுபடியாகும் தென் கரோலினாவில், ஐந்து மாதம் கழித்தும் கோம்பாஹி ஆற்றங்கரை நெல் வயல்களில் அடிமைகள் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். 1863 ஜூன் 2 அன்று படகுகளோடு அங்கே வந்து 700-க்கும் மேற்பட்டவர்களை மீட்ட படைக்கு வழிகாட்டியவர் ஹேரியட் டப்மன், தானே அடிமையாக இருந்து தப்பியவர். சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் உடைக்கு 3 பிடித்தம். மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவினர் அந்தச் சம்பளமே வேண்டாம் என்றார்கள். மீதியை நாங்கள் தருகிறோம் என்று மாநில அரசு சொன்னபோதும் வாங்கவில்லை. 1864-இல் சம ஊதியத்துக்குச் சட்டம் வந்தது.

1865, 1868, 1870-இல் வந்த மூன்று அரசியலமைப்புத் திருத்தங்களையும் ஐயா வரிசையாகச் சொன்னார். அடிமைமுறை ஒழிந்தது, குடியுரிமை வந்தது, வாக்குரிமை வந்தது. 1877-இல் வடக்கு தன் படையைத் தெற்கிலிருந்து விலக்கிக்கொண்ட பிறகு அந்த வாக்குரிமை என்ன ஆயிற்று என்பதை ஏன் விட்டுவிட்டார்? வாக்களிக்கத் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, அதற்கும் மசியாதவனுக்கு மரக்கிளையில் கயிறு. ஏட்டுச் சுரைக்காய் ஏறக்குறைய நூறு வருஷம் கறிக்கு உதவாமல் கிடந்தது.

அடுத்து நம் வழக்கறிஞர் அம்மா. கறுப்பருக்குத் தனி இருக்கை என்ற விதியை எதிர்த்து அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் 1955-56-இல் நடந்த பேருந்துப் புறக்கணிப்பை 381 நாள் நடந்து முடிக்கவில்லை, உச்ச நீதிமன்றம்தான் முடித்துவைத்தது என்றார். கெட்டிக்கார வாதம். அம்மா, அந்த வழக்கைத் தொடுத்தது யார்? நான்கு பெண்கள். அவர்களில் கிளாடெட் கோல்வின், எந்தக் கைதால் புறக்கணிப்பு தொடங்கியதோ அந்த ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, பதினைந்து வயதில், பேருந்தில் இருக்கையைவிட்டு எழ மறுத்துக் கைதான பள்ளி மாணவி. ரோசா பார்க்ஸ் கைதான இரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் பல்லாயிரம் துண்டறிக்கைகளைப் படியெடுத்தார். வீட்டுவேலை செய்யும் பெண்கள் விடியலில் எழுந்து நடந்தார்கள். வாடகைக் கார்கள் பேருந்துக் கட்டணத்துக்கே ஏற்றிக்கொண்டன. நகராட்சி குறைந்தபட்சக் கட்டணத்தைக் காட்டி அதைத் தடுத்தது. சொந்தக் கார்களை வரவழைத்து முறை வைத்து ஓட்டினார்கள். தலைவர்கள் மீது வழக்கு. கடைசியில் அந்தக் கார் ஏற்பாட்டையே தடைசெய்யக் கேட்டு நகராட்சி நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்த அதே 1956 நவம்பர் 13-இல்தான், தனி இருக்கை விதி செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புச் செய்தி வந்தது. உடனே பேருந்தில் ஏறினார்களா? இல்லை. ஆணை ஊர் வந்து சேரும்வரை இன்னும் ஐந்து வாரம் நடந்தார்கள்!

தீர்ப்பே போதும் என்றால் 1961-இல் ஏன் பேருந்து எரிந்தது? மாநிலங்களுக்கிடையே ஓடும் பேருந்தில் பாகுபாடு கூடாது என்று 1946-இலேயே தீர்ப்பு. பேருந்து நிலையங்களிலும் கூடாது என்று 1960-இல் இன்னொரு தீர்ப்பு. இரண்டையும் தெற்கு சட்டையே செய்யவில்லை. கறுப்பரும் வெள்ளையருமாகச் சில இளைஞர்கள் சீட்டு வாங்கி ஏறி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அலபாமாவில் அனிஸ்டன் ஊருக்கு வெளியே பேருந்துக்குத் தீ வைத்தார்கள். ஆட்கள் ஏற ஏறச் சிறை நிறைந்தது. அந்த நவம்பரில்தான் கறுப்பர், வெள்ளையர் என்று பிரிக்கும் அறிவிப்புப் பலகைகளைக் கழற்றும் விதி அமலுக்கு வந்தது.

மணி அடிக்கக் கை வைத்துவிட்டார் நடுவர். அலபாமாவின் செல்மா ஊரை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பர் சுமார் 15,000 பேர். வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 300. பதிவு அலுவலகம் திறப்பதே மாதத்தில் இரண்டு நாள். 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு 600 பேர் அங்கே ஒரு பாலத்தைக் கடந்தார்கள். அடிமைமுறைக்காகப் போரிட்ட தெற்குத் தளபதி ஒருவரின் பெயர் தாங்கிய பாலம். மறுகரையில் தடியடி, கண்ணீர்ப்புகை. முன்னால் நடந்த ஜான் லூயிஸின் மண்டையோட்டில் விரிசல் விழுந்தது. எட்டாம் நாள் குடியரசுத் தலைவர் ஜான்சன் நாடாளுமன்றத்துக்கு வந்து வாக்குரிமைச் சட்டம் கேட்டார். ஆகஸ்ட் 6-இல் கையெழுத்து.

அந்தக் கையெழுத்துக்கு என்ன ஆயிற்று? இன்ன மாநிலங்கள் ஒன்றிய அரசின் முன்அனுமதி இல்லாமல் தேர்தல் விதிகளை மாற்றக் கூடாது என்று அதில் ஒரு காவல் இருந்தது. அலபாமாவிலேயே இன்னொரு மாவட்டம் தொடுத்த வழக்கில், 2013-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைச் செயலிழக்கச் செய்தது. அன்றைக்கே டெக்சாஸ், தடுத்து வைக்கப்பட்டிருந்த தன் வாக்காளர் அடையாளச் சட்டத்தை அமல்படுத்துவதாக அறிவித்தது.

எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மாவிடம் ஒரே கேள்வி. ஒரு பேனா எழுதியதை இன்னொரு பேனா அடித்தால், அதைத் திரும்ப எழுதவைக்க நீங்கள் யாரிடம் போவீர்கள்? பதில் சொல்லிவிட்டு லிங்கனைப் பற்றித் தொடருங்கள். நன்றி, வணக்கம்.