பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் காசு

நேயர்களுக்கு வணக்கம். சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ரசீது போட்டே என் உத்தியோக காலம் முழுவதும் போனது. ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் புளோக்கில் யாருக்கு வெளிநாட்டுப் பார்சல் வந்தாலும் ரசீது என் கைக்குத்தான் வருகிறது. "அண்ணே, இவ்வளவு ஏன் கேட்கிறார்கள்?" எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

சென்ற நவராத்திரிக்கு எதிர்வீட்டுத் தங்கை பண்ருட்டியிலிருந்து கொலு பொம்மை வரவழைத்தார். கல்யாண செட், காகிதக்கூழ் பொம்மைகள். விலை நம் சிங்கப்பூர்க் காசுக்கு 200 வெள்ளி. பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், 5 கிலோ இருக்கும். ரசீதிலோ 16 கிலோ என்று போட்டு, அனுப்பும் கட்டணமாக 215 வெள்ளி வாங்கியிருந்தார்கள். தராசு பழுது என்று தங்கை கொதித்துப் போனார்.

தராசில் பழுது இல்லை. அளவு நாடாவை எடுத்துப் பெட்டியை அளந்தேன். நீளம் 50 சென்டிமீட்டர், அகலம் 40, உயரம் 40. மூன்றையும் பெருக்கினால் 80,000. அதை 5,000 ஆல் வகுத்தால் 16. கூரியர் நிறுவனங்களின் வழக்கமான கணக்கு இதுதான். உண்மை எடை, இந்த அளவு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். விமானத்தில் இடம் குறைவு. ஆகவே எடைக்கு அல்ல, இடத்துக்குக் காசு.

பெட்டியைப் பிரித்தோம். மணப்பெண்ணின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குக் கசக்கிய நாளிதழ். நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் நடுவில் இன்னொரு பொம்மையே உட்காரலாம்.

இனிதான் வரி வருகிறது. விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொருளின் மதிப்பு 400 வெள்ளிக்குள் இருந்தால், மது, புகையிலை போன்றவை நீங்கலாக, எல்லையில் பொருள் சேவை வரி கிடையாது. ஆனால் அந்த மதிப்பு வெறும் பொருளின் விலை அல்ல. அனுப்பும் கட்டணமும் காப்புறுதியும் அதில் சேரும். பொம்மை 200, கட்டணம் 215, ஆக 415. 400 வெள்ளி வரம்பைத் தாண்டிவிட்டது. தாண்டிய 15 வெள்ளிக்கு மட்டும் அல்ல, முழு 415 வெள்ளிக்கும் 9 விழுக்காடு. 37 வெள்ளி 35 காசு. அதைக் கட்டிக்கொடுத்ததற்குக் கூரியர் கேட்கும் கூலி வேறு.

அதே பொம்மைகளை நெருக்கி அடுக்கி 40, 35, 30 என்று ஒரு பெட்டியில் அடைத்திருந்தால் சுமார் எட்டரைக் கிலோ. கட்டணம் ஏறக்குறைய 115. மொத்தம் 315, எல்லையில் வரியே இல்லை. மறுபடியும் சொல்கிறேன், எடைக்கு அல்ல, இடத்துக்கு. கட்டணத்தில் 100, வரியில் 37, ஆக அந்தக் காற்றுக்குத் தங்கை 137 வெள்ளி கொடுத்தார். எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

பெரிய இணையக் கடைகளின் கதை வேறு. 2023 ஜனவரி 1 முதல், இங்கே பதிவு செய்துள்ள வெளிநாட்டு விற்பனையாளர்கள் 400 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கும் பணம் கட்டும்போதே வரியை வாங்கிவிடுகிறார்கள். 250 வெள்ளிப் பொருள் இரண்டு வாங்குகிறீர்கள். தனித்தனியே 400க்குள்தான், கடை வரி வாங்கிவிடும். இரண்டும் ஒரே பெட்டியில் வந்தால் 500. வரி கட்டியாகிவிட்டது என்று சரக்குத் தாளில் எழுத விற்பனையாளர் மறந்தால் எல்லையில் இன்னொரு முறை கேட்பார்கள். இரண்டு ரசீதுகளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு விற்பனையாளரிடம் கேளுங்கள். திருப்பித் தர வேண்டியவர் அவர்தான்.

விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று சில கடைக்காரர்கள் ஆசை காட்டுவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அது குற்றம். பார்சல் தொலைந்தால் எழுதிய விலைக்குமேல் இழப்பீடும் கேட்க முடியாது. பொருளைத் திருப்பி அனுப்பினால் வரி என்னாகும் என்றும் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டிவிட்டார்கள்.

ஒன்று மட்டும். இந்த வருடக் கொலுவுக்குப் பொம்மை சொல்லப் போகிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் கடைக்காரரிடம் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எதிர்வீட்டுத் தங்கை நேற்றே கேட்டு வாங்கிவிட்டார்.