காட்ஸ் மெஜிக்கின்ர ரகசியத்தை எங்க தேடுறது? தம்பி ஒராளின்ர கேள்விக்கு என்ர பதில்

சரி, அடுத்த கேள்வி. சுன்னாகத்தில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, நான் காட்ஸ் மெஜிக் பழகத் தொடங்கியிருக்கிறன், வீடியோவில எல்லாரும் செய்து காட்டுகினம், ஆனா ரகசியத்தை ஒருத்தரும் முழுசாச் சொல்லினம் இல்லை, அதை எங்க தேடுறது, இதுக்கெண்டு ஸ்பெஷல் காட்ஸ் கட்டு ஏதும் வாங்கோணுமோ" எண்டு.

தம்பி, ரகசியத்தை ஒருத்தரும் பூட்டி வைக்கேல்லை. 1902ல அமெரிக்காவில சிக்காகோவில "தி எக்ஸ்பேர்ட் அட் த காட் டேபிள்" எண்டு ஒரு புத்தகம் வந்தது, எழுதினவர் புனைபெயரில எழுதினவர், அவர் உண்மையில ஆரெண்டு இண்டைக்கும் ஆக்கள் அடிபட்டுக்கொண்டிருக்கினம், கையால செய்யிற கள்ளவேலை கனக்க அதில படத்தோட கிடக்குது. நூறு வருசத்துக்கு மேல வெளியில கிடக்கிற சாமான். உங்களுக்கு ரகசியம் கிடைக்கும், அதில பயம் வேண்டாம், ஆனா கிடைச்ச உடன "அட இவ்வளவுதானோ" எண்டு தூக்கிப் போட்டிட்டு அடுத்ததைத் தேடி ஓடுவீங்கள் பாருங்கோ, பழக வாற பெடியள் முக்கால்வாசிப் பேர் அங்கதான் நிண்டு போறது. நான் இப்ப ஒண்டை முழுசாச் சொல்லுறன், நீங்களும் இவ்வளவுதானோ எண்டுதான் சொல்லப்போறியள்.

கீ காட் எண்டு சொல்லுறது. காட்ஸ் கட்டை மேசையில தட்டி நேராக்கேக்க அடியில இருக்கிற தாளை ஒருக்கா கடைக்கண்ணால பாத்து வைக்கிறீங்கள். டயமன் நாலு எண்டு வைப்பம். பிறகு கட்டைக் குப்புற விரிச்சு முன்னுக்கு இருக்கிறவரை ஒரு தாள் எடுக்கச் சொல்லுறது, எதை எடுத்தாலும் பரவாயில்லை, அவர் அதைப் பாத்து மனசில வைக்கட்டும். இப்ப கட்டின்ர மேல் பாதியை எடுத்து மேசையில வைக்கிறீங்கள், அவர் தன்ர தாளை அதுக்கு மேல குப்புற வைக்கிறார், உங்கட கையில இருக்கிற மற்றப் பாதியை அதுக்கு மேல வைக்கிறீங்கள். அவ்வளவும்தான், முடிஞ்சுது. டயமன் நாலு இப்ப அவற்ற தாளுக்கு நேர மேல குந்திக்கொண்டு இருக்குது. இனி அவரையே கட்டை வெட்டச் சொல்லுங்கோ, அதாவது மேலயிருந்து கொஞ்சத்தை அப்பிடியே எடுத்து அடியில போடுறது, ஒருக்கா இல்லை, எத்தினை தரமும் வெட்டட்டும், வெட்டினா தாளின்ர ஒழுங்கு குழம்பாது, தொடக்கம்தான் மாறும். பிறகு மேலயிருந்து ஒவ்வொண்டா நிமித்திப் போட்டுக்கொண்டு வர, டயமன் நாலுக்கு அடுத்து வாறதுதான் அவற்ற தாள். எப்பவாவது டயமன் நாலு கடைசித் தாளா வந்திட்டுதெண்டால் பதறாதேங்கோ, அவற்ற தாள் முதல்ல போட்டதுதான். இதைக் கனபேர் சொல்லித் தாறேல்ல, சபையில முதல் தரம் அப்பிடி நடந்தால் வேர்த்துப் போகும்.

இப்ப இதை இப்பிடியே செய்து "இந்தாங்கோ உங்கட தாள்" எண்டு நீட்டினா ஆரும் கை தட்டமாட்டினம். கிட்ட இருக்கிறவர் "அடியில பாத்தவன்" எண்டு சொல்லிடுவார், அதோட சரி. அதால என்ன செய்யிறீங்கள், டயமன் நாலு வந்து, அவற்ற தாளும் நிமிந்து விழுந்த பிறகும் நிப்பாட்டாம இன்னும் மூண்டு நாலு தாள் போடுங்கோ. மேசையில தாள்களைக் கொஞ்சம் சிதறலாப் போட்டாத்தான் அவற்ற தாளின்ர மூலை வெளியில தெரியும், அதைக் கவனியுங்கோ. பிறகு கட்டின்ர மேல் தாளில விரலை வைச்சுக்கொண்டு ஆறுதலாச் சொல்லுங்கோ, "நான் அடுத்ததாத் திருப்பப் போற தாள் உங்கடதுதான்" எண்டு. அவர் உள்ளுக்குள்ள சிரிப்பார், ஏனெண்டால் தன்ர தாள் மேசையில கிடக்கிறதை அவர் கண்டிட்டார், நீங்கள் பிழைச்சுப் போனீங்கள் எண்டு நினைக்கிறார், பக்கத்தில இருக்கிறவருக்கு முழங்கையால இடிப்பார். "இல்லை, நான் பந்தயம் பிடிக்கிறன்" எண்டு அவரே சொல்லுவார். அந்த நேரம் கட்டில இருந்து கையை எடுத்து, மேசையில கிடக்கிற அவற்ற தாளைப் பிடிச்சுக் குப்புறத் திருப்பி வையுங்கோ. திருப்பினது அவற்ற தாள்தானே, சொன்ன சொல்லில ஒரு பிழையும் இல்லை. பந்தயத்தை நல்லூரடியில ஒரு ஐஸ்கிரீமோட நிப்பாட்டுங்கோ, காசு வேண்டாம், காசு வந்தா சிரிப்பு நிண்டு போகும்.

ரகசியம் ரெண்டிலயும் ஒண்டுதான், பாருங்கோ. ஒண்டு சப்பெண்டு போச்சுது, மற்றதைக் கலியாண வீட்டில பத்து வருசத்துக்குப் பிறகும் ஆராவது கதைப்பினம். அதுக்குள்ள இன்னுமொரு வேலையும் இருக்கு, வெட்டி முடிஞ்ச உடன "ஐயா, நீங்கள்தானே வெட்டினீங்கள், நான் தொடேல்லை என்ன" எண்டு ஒருக்கா சாதாரணமாச் சொல்லி விடுங்கோ. அடுத்த நாள் அவர் மற்றாக்களுக்குச் சொல்லேக்க "நான்தான் கட்டைக் கலக்கினனான், பெடியன் தொடவே இல்லை" எண்டு சொல்லுவார். வெட்டினது கலக்கினதா மாறிடும். அவர் பொய் சொல்லேல்லை, அப்பிடித்தான் அவருக்கு ஞாபகம் இருக்குது. இதைப் பழகிறதுக்குத்தான் காலம் வேணும், விரலுக்கு இல்லை.

விரலால ஒண்டும் செய்யத் தெரியாட்டிக் கூட கணக்கால நடக்கிற மெஜிக் இருக்குதெல்லோ, 21 தாளை ஒவ்வொண்டா மாறி மாறி மூண்டு வரிசையாப் போட்டு உங்கட தாள் எந்த வரிசையில எண்டு கேக்கிறது. சொன்ன வரிசையை நடுவில வைச்சு மூண்டு தரம் போட்டா தாள் 11வதா வந்து நிக்கும். முதல் தரம் நடுவில வைக்க தாள் 8க்கும் 14க்கும் இடையில வந்திடும், ரெண்டாந்தரம் 10, 11, 12ல ஒண்டு, மூண்டாந்தரம் 11 தான், வேற இடம் இல்லை. ஆனா எனக்கு இது பெரிசா விருப்பமில்லை, மூண்டு தரம் தாள் போட்டு முடியிறதுக்குள்ள பாக்கிறாக்கள் போனை எடுத்திடுவினம். கணக்கு ஏன் வேலை செய்யுதெண்டு விளங்கிறதுக்கு ஒருக்காச் செய்து பாருங்கோ, காணும்.

கையால பழகோணும் எண்டால் முதல்ல டபுள் லிஃப்ட், ரெண்டு தாளை ஒரு தாள் மாதிரித் திருப்பிறது. எல்லாரும் ரெண்டைத் திருப்பத்தான் பழகினம், நீங்கள் ஒண்டைத் திருப்பப் பழகுங்கோ. ஒரு தாளை நீங்கள் எப்பிடித் திருப்புவீங்களோ அப்பிடியேதான் ரெண்டும் திரும்போணும், ஒண்டை ரெண்டு விரலால சும்மா தட்டி விட்டிட்டு ரெண்டை மட்டும் பவ்வியமாத் தூக்கினா சின்னப்பிள்ளையும் பிடிச்சிடும். கண்ணாடிக்கு முன்னுக்கு நிண்டு பழகாதேங்கோ, கள்ளம் செய்யிற அந்த நொடியில எங்கட கண் தானா மூடுப்படும், கண்ணாடியில அது தெரியாது, போனில எடுத்துப் பாருங்கோ, தெரியும்.

அடுத்தது, ஒண்டைச் செய்தா உடன "இன்னொருக்காச் செய் பாப்பம்" எண்டுவினம். செய்யாதேங்கோ. ஹூடினி எண்ட பேர் போன மெஜிக்காரர், ஆரும் ஒரு மெஜிக்கை மூண்டு தரம் காட்டினா நான் கண்டுபிடிச்சிடுவன் எண்டு சொல்லித் திரிஞ்சவர், 1922ல சிக்காகோவில டாய் வேர்னன் எண்ட காட்ஸ் மெஜிக்காரர் ஒரே மெஜிக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டியும் அவரால பிடிக்க ஏலாமப் போச்சுது. அது வேர்னன். எங்களுக்கு முன்னுக்கு இருக்கிறது முப்பது நாப்பது வருசம் விறாந்தையில முந்நூற்றி நாலு எண்ட காட்ஸ் விளையாட்டு விளையாடின பெரியப்பாமார், அவைக்கு மற்றவன்ர கையைப் பாக்கிறதுதான் தொழில், "கொண்டா, நான் கலக்கிறன்" எண்டு கையை நீட்டுவினம். அவைக்குக் கீ காட் காட்டாதேங்கோ, மச்சான்மாரோட தொடங்குங்கோ. அந்த மேசையில நீங்களும் விளையாடுற ஆளெண்டால் ஒண்டுமே காட்டாதேங்கோ, பிறகு உங்களைத் தாள் போட விடமாட்டினம்.

ஸ்பெஷல் கட்டு. ஒண்டு விட்டு ஒண்டு ஒரே தாளா, அந்தத் தாள் மட்டும் மயிரிழை கட்டையா வெட்டின கட்டு விக்கிறாங்கள், ஆர் எடுத்தாலும் அதே தாள்தான் வரும். புழுகமா இருக்கும், ஆனா ஒருத்தர் "குடு பாப்பம்" எண்டு வாங்கினா சரி, கதை முடிஞ்சுது. இப்ப வேண்டாம். சாதாரணக் கடதாசிக் கட்டு ரெண்டு, பின்பக்கம் ஒரே டிசைனா வாங்குங்கோ, முழுப் பிளாஸ்டிக்கில வாறது புதுசில வழுக்கிக்கொண்டு போகும், பழகேக்க கரைச்சல். வீட்டில கிடக்கிற முந்நூற்றி நாலுக் கட்டை எடுக்கிற எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கோ, நாலு பேர் விளையாடுறதுக்கு 32 தாள்தானே பாவிக்கிறது, ரெண்டில இருந்து ஆறு வரைக்கும் 20 தாள் புதுசா இருக்கும், மற்றதெல்லாம் எண்ணெயும் ஊத்தையும் பிடிச்சு ஓரம் கறுத்துப் போய்க் கிடக்கும், கட்டைப் பக்கவாட்டில பாத்தாலே எது எங்க இருக்குதெண்டு எல்லாருக்கும் தெரியும்.

சரி தம்பி, கீ காட்டைச் செய்து பாத்திட்டு எங்க இடறுதெண்டு எழுதுங்கோ. அடுத்தது ஒரு அக்கா நாணயம் மறைக்கிறதைப் பற்றிக் கேட்டிருக்கிறா.