நாலாம் அடியில் அடிக்கும் மணி

நேயர்களுக்கு வணக்கம்.

"பர்கண்டி நாட்டில் உயர்குலப் பெண் ஒருத்தி வளர்ந்தாள். எந்த நாட்டிலும் அவளைப் போல் அழகி இல்லை. கிரீம்ஹில்ட் என்று பேர். அவளால் வீரர் பலர் உயிரை விட வேண்டி வந்தது."

இது ஒரு காவியத்தின் இரண்டாவது செய்யுள். பின்னால் இன்னும் 2,300-க்கு மேல் செய்யுள்கள் பாக்கி இருக்கின்றன. கவிஞரோ அதற்குள் முடிவைப் போட்டு உடைத்துவிட்டார்!

நிபெலுங்கன்லீட் என்ற ஜெர்மன் வீரகாவியம் இது. 1200-ஐ ஒட்டி, டான்யூப் நதிக்கரையிலுள்ள பாஸாவ் நகரத்துப் பக்கம் எழுதப்பட்டது என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். எழுதியவர் தன் பேரை எங்கும் சொல்லவில்லை. கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். டிராகனின் ரத்தத்தில் குளித்து உடம்பெல்லாம் கவசமாகிப்போன வீரன் சீக்ஃபிரீட். குளிக்கும்போது முதுகில் ஒரு லிண்டன் இலை ஒட்டிக்கொண்டதால் அந்த இடம் மட்டும் இளசாக நின்றுவிட்டது. அவன் மனைவிதான் கிரீம்ஹில்ட். அவளுடைய அண்ணனும் பர்கண்டி அரசனுமான குந்தரின் ஆள் ஹாகன், அந்த இடத்தை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஊற்றில் தண்ணீர் குடிக்கக் குனிந்தவனை ஈட்டியால் குத்திக் கொல்கிறான். கிரீம்ஹில்ட் 13 வருஷம் விதவையாக இருக்கிறாள். அப்புறம் ஹூணர்களின் அரசன் எட்ஸலை மணக்கிறாள். இன்னொரு 13 வருஷம் கழித்து அண்ணன் தம்பிகளை விருந்துக்கு அழைக்கிறாள். விருந்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவரும் தங்கள் தலைநகரான வோர்ம்ஸுக்குத் திரும்பவில்லை.

எட்ஸல் என்பவன் வரலாற்றின் அட்டிலாதான். ஹூணர்கள் பர்கண்டி அரசை அழித்தது 436-ஐ ஒட்டி. அட்டிலா இறந்தது 453-இல். அதே விருந்தில் இருக்கும் டீட்ரிஷ் என்ற வீரனின் மூலம் தியோடரிக் என்ற அரசர். அவர் பிறந்ததோ அட்டிலா இறந்த சமயத்தில். பாட்டுக்குப் பஞ்சாங்கம் தேவையில்லை போலிருக்கிறது.

நான் முதலில் படித்தது ஏ. டி. ஹாட்டோவின் ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பு, 1965-இல் வந்தது. நல்ல புத்தகம். நீளமான விளக்கத்தை முன்னால் வைத்து மிரட்டாமல், "இரண்டாம் வாசிப்புக்கான அறிமுகம்" என்று கடைசியில் வைத்திருப்பார். கதையை முதலில் நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிற அந்த மரியாதை எனக்குப் பிடித்தது. ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. விருந்து நடக்கும், பரிசு கொடுப்பார்கள், பத்தி முடியும்போது "இதற்காகப் பின்னால் பலர் அழ நேர்ந்தது" என்று ஒரு வரி வரும். அடுத்த பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. அதான் முன்னாலேயே சொல்லிவிட்டீரே ஐயா, என்று சலித்துக்கொண்டேன்.

மூலமும் நவீன ஜெர்மனும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சான பதிப்பு ஒன்று கிடைத்து, மூலத்தை வாய்விட்டுப் படிக்க முயன்றபோதுதான் விஷயம் புரிந்தது. செய்யுளுக்கு நாலு அடி. ஒவ்வொரு அடியும் நடுவில் நின்று மூச்சு வாங்கும். நாலாம் அடியின் பிற்பாதிக்கு மட்டும் ஒரு தாளத்தட்டு கூடுதல். நம் வெண்பாவில் ஈற்றடி ஒரு சீர் குறைந்து சட்டென்று நிற்கும் அல்லவா? இங்கே நேர்மாறு, கடைசி அடி இழுத்துக்கொண்டு போகும். வரப்போகும் சாவைச் சொல்லும் அந்த வரிகள் பெரும்பாலும் இந்த நீண்ட நாலாம் அடியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. காதுக்கு அது கோயில் மணி மாதிரி. உரைநடையில் அதே வரி வெறும் தகவலாகிவிடுகிறது. ஹாட்டோவைக் குறை சொல்ல முடியாது. யாப்பைக் காப்பாற்றப் போனவர்கள் எதுகைக்காக வார்த்தையை முறுக்கியிருக்கிறார்கள்.

இன்றைய ஜெர்மானியருக்கும் இது மொழிபெயர்ப்பில்தான் கிடைக்கும். முதல் செய்யுளிலேயே "அரெபைட்" என்று ஒரு சொல். இன்றைய ஜெர்மனில் அர்பைட் என்றால் வேலை; அன்றைக்கு அது பாடு, படாத பாடு. "ஹோஹ்கெஸீட்" என்றால் அன்று பெருவிழா. இன்று ஹோஹ்ஸைட் என்றால் கல்யாணம் மட்டும்தான். "வீப்" என்பது அன்று பெண்ணைக் குறிக்கும் நல்ல சொல். இன்று வைப் என்று ஒரு பெண்ணைச் சொன்னால் சண்டைக்கு வருவாள். நாற்றம் என்ற சொல் நமக்கு மணத்திலிருந்து எங்கே வந்து நிற்கிறதோ, அப்படி. தெரியாத சொல்லுக்கு அகராதியைப் பார்ப்போம். தெரிந்தது போல இருக்கும் சொல்தான் காலை வாரும்.

மொழிபெயர்ப்பில் அலுப்புத் தட்டும் இடமும் உண்டு. துணிமணி வர்ணனைகள். ஜெர்மன் அறிஞர்களே கேலியாக இவற்றுக்குத் தையற்காரச் செய்யுள்கள் என்று பேர் வைத்திருக்கிறார்கள். குந்தர் ஐஸ்லாந்துக்குப் பெண் கேட்கப் போவதற்காக கிரீம்ஹில்டும் முப்பது பெண்களும் ஏழு வாரம் உட்கார்ந்து தைக்கிறார்கள். பனி போல வெண்மையான அரேபியப் பட்டு, கிளோவர் இலை போலப் பச்சையான இன்னொரு பட்டு. நானும் முதலில் தாண்டித்தான் போனேன். ஆனால் பின்னால், கணவனின் உடையில் அந்த இளசான இடத்துக்கு நேராகச் சின்னச் சிலுவை ஒன்றைத் தைத்து வைப்பவளும் இதே கிரீம்ஹில்ட்தான். போரில் அவனைக் காப்பதற்காக என்று ஹாகன் கேட்டதை நம்பித் தைக்கிறாள். அந்தத் தையலைப் படித்தபிறகு பட்டுச் செய்யுள்களுக்குத் திரும்பிப் போனேன்.

எந்த மொழிபெயர்ப்பிலும் கெடாத ஒரு காட்சி இருக்கிறது. ரூடிகர் எட்ஸலின் ஆள். கிரீம்ஹில்டுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவன். அதே ரூடிகர்தான் வழியில் பர்கண்டியர்களைத் தன் வீட்டில் வைத்து விருந்து கொடுத்து, மகளைக் குந்தரின் கடைசித் தம்பிக்கு நிச்சயம் செய்தவன். இப்போது அவர்களை எதிர்த்துச் சண்டையிட வேண்டும். மண்டப வாசலில் வந்து நிற்கிறான். உள்ளேயிருந்து ஹாகன் சொல்கிறான்: உன் மனைவி கொடுத்த கேடயத்தை ஹூணர்கள் வெட்டித் தள்ளிவிட்டார்கள். உன் கையிலிருப்பதைப் போல நல்லதாக ஒன்று எனக்கு இருந்தால் தேவலை.

ரூடிகர் தன் கேடயத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறான். யாரை வெட்ட வந்தானோ அவனிடமே! சுற்றி நின்றவர்களின் கண் சிவந்து போகிறது. பர்கண்டியர் எல்லாரையும் நீ வெட்டினாலும் உன்மேல் என் கை படாது என்கிறான் ஹாகன். சண்டை தொடங்குகிறது. ரூடிகரைக் கொல்வது குந்தரின் இன்னொரு தம்பி கெர்னோட்; விருந்தின்போது ரூடிகரே பரிசாகக் கொடுத்த வாளால். அவனும் ரூடிகரின் வெட்டில் அங்கேயே விழுகிறான்.

கடைசியில் கிரீம்ஹில்ட் சீக்ஃபிரீடின் வாளை எடுத்து, கட்டுண்டு கிடக்கும் ஹாகனின் தலையை வெட்டுகிறாள். பார்த்துக்கொண்டிருந்த ஹில்டெப்ரான்ட் என்ற கிழவன் அவளை வெட்டுகிறான். அதற்குமேல் என்ன நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது, எல்லாரும் அழுவதைப் பார்த்தார்கள் என்று கவிஞர் நிறுத்திக்கொள்கிறார்.

முக்கியமான கைப்பிரதிகளில் ஒன்று சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மடத்து நூலகத்தில் இருக்கிறது. அதன் கடைசிச் சொல் நோட். துயரம் என்று பொருள். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவேயில் இருக்கும் பிரதி அந்த இடத்தில் லீட், அதாவது பாட்டு, என்று முடிகிறது. காவியத்துக்கு நாம் சொல்லும் பேர் இந்தப் பிரதியிலிருந்து வந்தது. நான் படித்த மொழிபெயர்ப்பு செயின்ட் காலன் பிரதியை ஒட்டியது.

வணக்கம்.